மறுபதிப்பும் முதலீடும்

சித்திரக் கதை நூல்களைப் படித்து மகிழ்வதற்காக வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அவற்றைப் பின்னாளில் விலையேறும் என்று கருதி வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் இன்று பெருகி வருகின்றது. முதல் அச்சுப் படிகள் எளியோர்க்கு எட்டாத விலையை அடைந்துவிட்டமையால், இரண்டாம், மூன்றாம் அச்சுகளையேனும் திரட்டி வைத்தல் நன்று என்னும் கொள்கை அமெரிக்க நாட்டில் வேரூன்றியுள்ளது. தமிழ்ச் சேகரிப்பாளரிடையேயும் அது தலைகாட்டுகின்றது. அதன் வன்மை மென்மைகளை ஆராய்தல் தமிழாசிரியர்க்கும் பயன் தரும். நூலின் மதிப்பு எதனால் அமைகின்றது என்னும் பொதுவினா இதனுள் அடங்கியிருத்தலே அதற்குக் காரணம்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிவு செய்தல் வேண்டும். அச்சு என்பது முன்பு அமைத்த பக்கங்களையே மீண்டும் தாளில் ஏற்றுவது. பதிப்பு என்பது பாடம் திருந்தியோ, விளக்கம் கூடியோ, அமைப்பு மாறியோ வருவது. இவ்விரண்டையும் ‘மறுபதிப்பு’ என்னும் ஒரு சொல்லாலேயே வழங்குவதால் குழப்பம் விளைகின்றது. உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது; திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தது. அரும்பொருள் சேர்ப்போர் முன்னதைத் தேடுவர். நூலைக் கற்போர் திருந்திய பின்னதை நாடுவர். இரு திறத்தாரும் தேடுவது ஒரே நூலை எனினும், அவர்கள் கருதும் மதிப்பு வேறு வேறாம்.

இனி, அமெரிக்க நாட்டுச் செய்தியை நோக்குவோம். சூப்பர்மேன் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938-இல் பத்துக் காசுக்கு விற்றது. அதன் படி ஒன்று 2024-இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அச்சான ஏறக்குறைய இரண்டு இலட்சம் படிகளுள் எஞ்சியவை நூறு அளவிலேயே இருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். மற்றவை என்னவாயின? சிறுவர் படித்துக் கிழித்தனர். தாய்மார் பழைய தாளோடு போட்டனர். எவரும் காத்து வைக்காமையே அந்த அருமைக்குக் காரணமாயிற்று.

இவ்வுண்மையை மறந்தோர் 1990-களில் இடர்ப்பட்டனர். 1991-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் எண்பது இலட்சம் படிகளுக்கு மேல் விலைபோயிற்று. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறப்பைக் கூறும் இதழ் உறையிட்டு விற்கப்பட்டபோது, மக்கள் அதைப் பிரியாமலே அடுக்கி வைத்தனர். எல்லோரும் காத்து வைத்த பொருள் எங்ஙனம் அரிதாகும்? விலை சரிந்தது, கடைகள் பல மூடப்பட்டன, மார்வல் நிறுவனமே 1996 டிசம்பரில் நொடிப்பு முறையீடு செய்தது.

பின்னச்சுகளை நாடுவோர் கூறும் காரணம் ஒன்று உண்டு. முதல் அச்சிலேயே பெரும்பாலோர் வாங்கிவிடுவர். ஆதலின் கடைக்காரர் இரண்டாம் அச்சுக்குச் சிறு அளவிலேயே கட்டளை தருவர். அட்டைப் படம் மாறியும் வரும். எனவே பின்னது முன்னதினும் அரிதாகலாம் என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அருமை மட்டும் விலையாகாது. அதை விரும்புவோரும் வேண்டும். எவரும் கேளாத சிறுநூல்கள் பல பத்துப் படிகளே எஞ்சியும் விலையற்றுக் கிடப்பதைப் பழைய புத்தகக் கடைக்குச் செல்வோர் அறிவர்.

தமிழில் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டுகள் சிவகாசியில் உள்ளன. முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிற்று. ‘வேலியன்ட்’ என்னும் பிரிட்டானிய வார இதழில் 1962 முதல் வந்த கதையின் தமிழாக்கம் அது. அக்கதை பின்னர் மீண்டும் அச்சேறியும் பழைய படிகளைத் தேடுவோர் குறையவில்லை. லயன் காமிக்ஸ் 2010-இல் ‘இரத்தப் படலம்’ என்னும் பெல்ஜியத் தொடரின் பதினெட்டுப் பாகங்களைக் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுதியாக்கிற்று; 2018-இல் அதனையே வண்ணத்தில் வெளியிட்டது. பிந்தியது வெறும் அச்சன்று, புதுப் பதிப்பே ஆகும். கதையைப் படிக்க விரும்புவோர்க்கு வண்ணப் பதிப்பு போதும். முந்தியதைத் தேடுவோர் இளமை நினைவையும் அருமையையும் தேடுகின்றனர். ஒரு பதிப்பகம் நாளை மீண்டும் அச்சிடலாம் என்னும் நிலையே பூட்டி வைப்போரின் கணக்கைக் கலைக்கப் போதுமானது.

அன்றியும், அமெரிக்கச் சந்தைக்குத் துணையாக ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு 1970 முதலும், தரம் மதிப்பிட்டு உறையிடும் நிறுவனம் 2000 முதலும் உள்ளன. தமிழ்ச் சித்திரக் கதைகளுக்கோ அத்தகைய கையேடும் இல்லை, மதிப்பீட்டு நிறுவனமும் இல்லை. விற்பவர் சொன்னதே விலை; வாங்குபவர் நம்பியதே தரம்.

குருபோங்கில் வாழும் ஒருவர் பின்னச்சு நூல் ஐந்து படிகளை, அஞ்சற்செலவு உட்பட, படிக்கு 50 வெள்ளியாக 250 வெள்ளி கொடுத்துத் தருவிக்கின்றார் என்று கொள்வோம். ஊழியர் சேமநிதி 2023-இல் 5.5 விழுக்காடும் 2024-இல் 6.3 விழுக்காடும் ஈவு வழங்கிற்று. ஆண்டுக்கு 6 விழுக்காடு எனக் கொண்டால், அத்தொகை பத்தாண்டில் ஏறத்தாழ 448 வெள்ளியாகும். நூல்கள் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் ஐந்தும் படிக்கு 90 வெள்ளிக்கு விற்றாக வேண்டும். இரண்டே விற்றால் ஒவ்வொன்றும் 224 வெள்ளி பெற வேண்டும். இதற்கிடையில் மலாக்காவின் ஈரக்காற்றில் தாள் பழுக்கும்; கம்பி துருவேறும்; இராமபாணப் பூச்சி தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

மலேசியாவிலேயே வேறொரு பாடமும் உண்டு. லாட் வரைந்த ‘கம்போங் பாய்’ 1979-இல் வெளிவந்தது. அறுபதினாயிரம் முதல் எழுபதினாயிரம் வரையிலான முதல் அச்சு சில மாதங்களில் தீர்ந்தது. 2009-க்குள் பதினாறு முறை மறுஅச்சு கண்டது. அப்பதினாறும் அந்நூலுக்கு அளித்தது தலைமுறை தலைமுறையான வாசகரை. பேராக் சிற்றூர்ச் சிறுவன் ஒருவனின் வாழ்க்கை நாடறிந்த இலக்கியமானது அவ்வச்சுகளாலேயே ஆகும்.

தமிழரின் நிலையோ இன்னும் கவனத்திற்குரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியும் வந்த காலத்தில், லயங்களைக் காலிசெய்த குடும்பங்கள் கட்டிலையும் பாத்திரத்தையும் ஏற்றிச் செல்வதே பெரும்பாடாயிருந்தது. பழைய இதழ்களைக் கருதுவார் யார்? இழந்தவற்றை மீட்க மறுபதிப்பே வழி. அம்மறுபதிப்பும் சிறு தொகையாகவே வருகின்றது. ஒருவர் ஐந்து படிகளைப் பெட்டியில் அடைத்தால் நான்கு வாசகர் அதை இழக்கின்றனர். ஆங்கில நூலுக்கு இவ்விழப்பு பெரிதன்று. தமிழ் நூலுக்கு இது பெருங்குறையாகும்.

சேகரித்தல் குற்றமன்று. ஓர் அச்சுக்கும் அடுத்ததற்கும் உள்ள மொழிபெயர்ப்பு மாற்றம், விடுபட்ட பக்கம், பெயர்த் திருத்தம் ஆகியவற்றைக் குறித்து வைப்பவர் பதிப்பு வரலாற்றுக்குத் தொண்டு செய்தவர் ஆவார். அத்தகைய சேகரிப்புக்கு ஒவ்வோர் அச்சிலும் ஒரு படி போதும். மேலும் ஒன்று வாங்க வசதியுள்ளவர் அதனை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு அளிப்பாராக. பணம் பெருக்கச் சேமநிதி இருக்கின்றது. தமிழ் படிக்கும் பிள்ளைகளைப் பெருக்க நூல்களே வேண்டும்.