"மிதமான சுற்று" – யாருக்கு மிதம்? பெரம்பலூர், அரியலூர் சைக்கிள் பாதைகள் பற்றி ஒரு குறிப்பு

நண்பர் ஒருவர் சைக்கிள் செயலி போட்டுக் கொடுத்த பாதையை அனுப்பி, "இது சரியா வருமா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். அரியலூரில் கிளம்பி கீழப்பழுவூர், கரைவெட்டி, திருமானூர் என்று சுற்றி மறுபடி அரியலூர். வரைபடத்தில் வழியெல்லாம் நீலமும் பச்சையும். பக்கத்தில் 'மிதமானது' என்று ஒரு முத்திரை. இரண்டு நாள் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதையில் தப்பில்லை, முத்திரையில்தான் தப்பு. அது ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

இந்தச் செயலிகள் ஒரு பாதையின் கடினத்தைப் பெரும்பாலும் மூன்றை வைத்து அளக்கின்றன: தூரம், ஏற்றம், சாலையின் தரை. ஐரோப்பிய மலைச்சாலைக்கு இது பொருந்தும். நம்ம ஊரில் பச்சைமலை அடிவாரத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் இரண்டு மாவட்டத்திலும் எந்தப் பாதையைப் போட்டாலும் எளிது அல்லது மிதம் என்றுதான் வரும். மே மாதம் பகல் பதினொரு மணிக்கும் அதே முத்திரை, மார்கழிக் காலையிலும் அதே முத்திரை. வெயிலுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

லாரிக்கும் இடம் கிடையாது. அரியலூரின் அடியில் இருப்பது பழைய கடலின் படிவு. வாரணவாசி அருங்காட்சியகத்தில் நத்தை ஓடுகளாக நாம் வேடிக்கை பார்க்கும் அதே படிவுதான் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல். கல் ஏற்றிய லாரிகள் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். லாரி மோதி உயிர் போவதும் ஊர்க்காரர்கள் மறியலில் உட்காருவதும் இங்கே புதுச்செய்தி இல்லை. செயலிக்கோ அது அகலமான, வழவழப்பான தார்ச்சாலை, அதாவது நல்ல மதிப்பெண். ஓரத்தில் சிந்திக் கிடக்கும் கல்தூளில் மழை பட்டால் ஒல்லி டயர் என்ன ஆகும் என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்து நீலம். வரைபடத்தில் எல்லா ஏரியும் ஒரே நீலம். நிஜத்தில் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. பெரம்பலூர் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் வானம் பார்த்தவை. வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்தால் கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் நிற்கும், சித்திரையில் ஆடு மேயும். கரைவெட்டி அப்படியில்லை. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீரும் அதற்கு வருகிறது. மேட்டூர் எப்போது திறந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஏரியைக் கணக்குப் போட வேண்டும். 1999இல் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. சுமார் 450 ஹெக்டேர். இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தைப் பார்க்க நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போக வேண்டும். மூன்றாவது வகை, கைவிட்ட சுண்ணாம்புச் சுரங்கக் குழிகள். மழைநீர் நிறைந்தால் அதுவும் வரைபடத்தில் நீலம்தான். ஏரி என்று நம்பிப் போனால் கரையே இல்லாத செங்குத்துப் பள்ளம்.

பச்சையும் அப்படித்தான். காப்புக்காடு என்று இருப்பதில் பெரும்பகுதி முட்புதர்க்காடு. மயில் இருக்கும், வெண்பாவூர் பக்கம் மான் இருக்கும், சைக்கிள்காரனுக்கு நிழல் இருக்காது. தைலமரத் தோப்பும் செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பும் தூரத்திலிருந்து காடு மாதிரியே தெரியும். உண்மையான நிழல் தந்தவை சாலையோரப் புளியமரங்கள். அவற்றை எந்த வரைபடமும் பச்சையாகக் காட்டவில்லை. அகலப்படுத்தலில் பல போயும் விட்டன.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஸ்ட்ராவா மாதிரியான செயலிகளில் ஹீட்மேப் என்று ஒன்று உண்டு. பலர் ஓட்டிய சாலை பளிச்சென்று எரியும், பாதை போடும்போது அதற்கு முன்னுரிமையும் கிடைக்கும். ஆனால் அதில் பதிவாவது செயலி வைத்திருப்பவர்கள் மட்டும். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் தினமும் பள்ளிக்கூடம் போகும் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணும், கேரியரில் புல்லுக்கட்டு வைத்து மிதிக்கும் பெரியவரும் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே இரண்டு மாவட்டமும் அங்கே கிட்டத்தட்ட இருட்டு. எந்தச் சாலையில் லாரி தொல்லை குறைவு, எந்த ஏரிக்கரை வழி மழையில் சேறாகும் என்று உண்மையில் தெரிந்தவர்கள் இவர்கள்தான். இவர்களை விட்டுவிட்டு 'மக்கள் விரும்பும் பாதை' என்று சொல்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

சரி, நண்பருக்கு என்ன பதில் சொன்னேன்? கரைவெட்டிக்குப் போங்கள், ஆனால் ஜனவரியில். அரியலூரில் தொடங்காமல் சைக்கிளை வண்டியில் ஏற்றித் திருமானூர் வரை கொண்டுபோய், அங்கிருந்து கரைவெட்டி, கண்டிராதித்தம் என்று ஊர்ச்சாலைகளிலேயே சுற்றுங்கள். விடியும்போது கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். இன்னொரு வாரம் பெரம்பலூரிலிருந்து எசனை, அன்னமங்கலம் வழியாக விசுவக்குடி அணை. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவில் கல்லாற்றின் குறுக்கே இருக்கிறது. தை மாதம் என்றால் வழியில் பாதிச் சாலைக்கு மக்காச்சோளம் காயும். மணியடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது ஒருத்தருடைய வருஷத்து உழைப்பு.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் 'பருவகால நீர்' என்று குறிக்க வசதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நான் பார்த்த ஏரிகளை அப்படி மாற்ற ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் ஊர் ஏரியில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தால் நீங்களும் ஒன்றைத் திருத்துங்கள்.