‘ஜெய் பீம்’: காட்டாது விட்ட கல்வி

2021-இல் வெளியான த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ படத்தைக் கண்ணுற்றோர் பலரும் கண்ணீர் உகுத்தனர், நாமும் உகுத்தோம். செங்கேணியின் உறுதி நம்மை வியப்பிலாழ்த்தியது. எனினும் நமக்கொரு குறையுண்டு. வீட்டினுள் புகுந்த பாம்பைப் பிடிக்க இருளர் ஒருவர் அழைக்கப்படுகிறார். பின்னர் அவ்வீட்டு நகைத் திருட்டு அவர்மீதே சுமத்தப்படுகிறது. கதைக்கு அப்பாம்பு காரணமாயிற்று. அதனைப் பிடித்த கையின் கல்வியோ கதைக்குத் தேவைப்படவில்லை.

திண்டிவனம், விழுப்புரம் வயல்களில் வளைவாயின் மண்ணைப் பார்த்தே உள்ளே எலியுண்டா எனக் கூறும் இருளரை நாம் கண்டிருக்கிறோம். அதனை ‘இல்மு’ என்றழைக்க நமக்குத் தயக்கமில்லை. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய அவர்தம் கூட்டுறவுச் சங்கம் எடுத்தளிக்கும் நஞ்சன்றோ பாம்புக்கடி மருந்தாகி உயிர் காக்கிறது! அக்கலைக்காகவே 2023-இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றனர்.

படத்தில் வழக்கறிஞர் நிறையப் பேசுகிறார். வளைவாயிற் குனிந்தவரையும் சற்றே பேச விட்டிருக்கலாம்.