பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8: வாங்குமுன் கேட்க வேண்டிய ஆறு எண்கள்

ஹிரோஷிமாவில் 2003 முதல் 2012 வரை உற்பத்தியான மாஸ்டா ஆர்எக்ஸ்-8, பிரிட்டனின் பழைய கார்ச் சந்தையில் அதன் ஓட்டத் திறனுக்குச் சற்றும் ஒவ்வாத குறைந்த விலையில் கிடைப்பதற்கு முதற்காரணம் அதன் எஞ்சினைப் பற்றி நிலவும் அச்சமே. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. அமெரிக்காவில் விற்ற 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு, எஞ்சினின் உட்பகுதிக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என மாஸ்டா நிறுவனமே நீட்டிக்க நேர்ந்தது. எனினும் இந்த எஞ்சினின் தேய்மானத்தைப் பிரிக்காமலே எண்களாக அளந்துவிட முடியும் என்பதால், இதை வாங்குவது குருட்டுத் துணிச்சலாக இருக்க வேண்டியதில்லை.

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்க, இதில் மூன்று பக்கங்களும் சற்றே புடைத்த முக்கோண வடிவிலான இரண்டு சுழலிகள், நடுவில் இலேசாக ஒடுங்கிய முட்டை வடிவக் கூடுகளுக்குள் சுழல்கின்றன. சுழலியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கூட்டின் சுவருக்கும் இடையிலுள்ள வெளி விரிந்தும் சுருங்கியும் செல்லும்போது, எரிபொருள் கலவையை உறிஞ்சுதல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கும் ஒரே சுற்றில் நிகழ்ந்துவிடுகின்றன. வால்வுகள் கிடையாது. சுழலி ஒருமுறை சுற்றுவதற்குள் மைய அச்சு மூன்று முறை சுற்றிவிடுவதால், சுற்றுமானி 9000 சுற்றைக் காட்டும்போதும் சுழலிகள் நிமிடத்துக்கு 3000 முறைதான் சுழல்கின்றன. அத்தனை உயரத்திலும் எஞ்சின் அதிராமல் வழுக்கிச் செல்வதற்கு மேலும் கீழும் உதறும் பாகம் எதுவும் இல்லாததே காரணம். இந்த அமைப்பின் நலிவு சுழலியின் மூன்று முனைகளில் இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் பதிக்கப்பட்டுள்ள மெல்லிய உலோகத் தகடு, அதாவது அபெக்ஸ் சீல், கூட்டின் சுவரை ஓயாமல் உரசிக்கொண்டே ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் காக்க வேண்டும். அது தேய்ந்தாலோ பள்ளத்தில் இறுகிக்கொண்டாலோ அமுக்கம் குறைகிறது, அமுக்கம் குறைந்தால் எஞ்சினின் ஆயுள் முடிவை நெருங்குகிறது.

ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய இந்த எஞ்சின் வகைக்கான உரிமத்தை 1961-இல் என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து பெற்ற மாஸ்டா, கூட்டின் உட்சுவரில் முனைத் தகடுகள் அதிர்ந்து கீறிய தழும்புகளோடு போராடிய பிறகே 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான பொறியாளர் குழுவின் அந்த விடாமுயற்சி, 1991-இல் நான்கு சுழலிகள் கொண்ட 787பி கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதில் உச்சம் கண்டது. ஆர்எக்ஸ்-8-இன் ரெனிசிஸ் எஞ்சின் அந்த மரபின் அடுத்த படி. 1308 சிசி கொள்ளளவுள்ள அது, 2003-இல் ஆண்டின் சிறந்த எஞ்சினுக்கான சர்வதேச விருதையும் பெற்றது. முந்தைய எஞ்சின்களில் கூட்டின் வளைந்த சுவரிலிருந்த புகைவாயில் இதில் பக்கச் சுவருக்கு மாற்றப்பட்டதால், எரியாத பெட்ரோல் புகையோடு தப்பிச் செல்வது குறைந்தது. தகடுகளுக்கு வழுக்கலூட்ட ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு குழல்முனைகள் வழியாக எஞ்சின் ஆயில் சிறிது சிறிதாகத் தெளிக்கப்பட்டு எரிகிறது. ஆகவே ஆயில் குறைவது இந்தக் காரில் கோளாறு அன்று, வடிவமைப்பு. 2008-இல் வந்த திருத்திய வடிவத்தில் மூன்றாவது குழல்முனை சேர்க்கப்பட்டது, முதல் வடிவத்தில் தகட்டின் நடுப்பகுதிக்கு ஆயில் போதவில்லை என்பதை உணர்த்துகிறது.

ஓட்டிப் பார்ப்பவர் முதலில் ஏமாற்றமடையக்கூடும். 231 குதிரைத்திறன் கொண்ட பிரிட்டிஷ் வடிவத்தின் முறுக்குவிசை 211 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 5500 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கிறது என்பதால், நகர நெரிசலில் கார் சாதாரணமாகவே தோன்றும். 6000 சுற்றைத் தாண்டிய பின் எஞ்சின் தயக்கமின்றி மேலேறும் விதம் வேறெந்த நான்கு இருக்கைக் காரிலும் கிடைக்காதது. சிறிய, இலேசான எஞ்சின் முன்னச்சுக்குப் பின்னால் தாழ்வாக அமர்ந்திருப்பதால் எடை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பகிரப்பட, வளைவுகளில் ஸ்டீயரிங் காட்டும் துல்லியமும் நிதானமும் இன்றைய புதிய கார்கள் பலவற்றுக்கு வாய்க்காதவை. இக்காரை விரும்பத்தக்கதாக்குவது வேகத்தைவிட இந்த நயமே. பின்விளிம்பில் கீல் வைத்த பின்கதவுகள் நடுத்தூண் இன்றித் திறப்பதால், இரண்டு பெரியவர்கள் பின்னால் ஓரளவு வசதியாகவே அமரலாம்.

வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது ஓடிய மைல் கணக்கை அன்று, அமுக்கச் சோதனை அறிக்கையை. சுழலிக்கு மூன்று பக்கங்கள் வீதம் இரண்டு சுழலிகளுக்கு ஆறு எண்கள் அதில் இருக்க வேண்டும். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண அளவி மூன்று பக்கங்களில் மிகுதியான ஒன்றை மட்டுமே காட்டுமாதலால், சுழலி எஞ்சினுக்கென்றே அமைந்த மின்னணு அளவியால்தான் இச்சோதனையைச் செய்ய வேண்டும். எஞ்சின் சூடாகவும் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதற்கேற்ப அமுக்கமும் கூடித் தெரியும் என்பதால், எண்கள் நிமிடத்துக்கு 250 சுற்று என்ற பொது அளவுக்குத் திருத்தப்பட்டிருத்தல் இன்றியமையாதது. நல்ல எஞ்சினுக்கு மாஸ்டா வகுத்த அளவு 8.5, கீழெல்லை 6.9, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் விசை என்பது இவற்றின் பொருள். ஒரே சுழலியின் பக்கங்களுக்கிடையே 1.5-க்கு மேலும், இரு சுழலிகளுக்கிடையே 1.0-க்கு மேலும் வேறுபாடு இருத்தலாகாது. ஆறும் 7.5-க்கு மேலாக, ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் நம்பி வாங்கலாம். ஐந்து நன்றாயிருந்து ஒன்று மட்டும் சரிந்திருந்தால், அதை ஒரு தகடோ அதன் பள்ளமோ கெட்டதற்கான அடையாளமாகக் கொண்டு விலகிவிடுவதே நன்று.

அளவி கைக்கெட்டாத இடத்தில் ஒரு சிறு சோதனை ஓரளவு உதவும். பிற பழைய கார்களில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதே வழக்கம். இதில் அதைவிட முக்கியமானது, நன்றாக ஓடிச் சூடான எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்வது. அமுக்கம் குறைந்த எஞ்சின் சூட்டில்தான் நீண்ட நேரம் சுழன்று தடுமாறும். ஆனால் வேகமாகச் சுற்றும் புதிய ஸ்டார்ட்டர் மோட்டார் பொருத்திய காரில் இந்த அறிகுறி மறைந்துபோகும் என்பதால், உடனே ஸ்டார்ட் ஆவதை மட்டும் சான்றாகக் கொள்வது ஆபத்து. விற்பவர் அறிக்கை தரவோ சோதனைக்கு இசையவோ மறுத்தால் அந்த மறுப்பையே எண்ணாகக் கருதி, எஞ்சின் கெட்ட காரின் விலைக்கு மேல் ஒரு பவுண்டுகூடக் கொடுக்கலாகாது.

எஞ்சினைக் கெடுப்பது தகடுகளின் தேய்மானம் மட்டுமன்று. நான்கு பிளக்குகளுக்கும் தனித்தனியே பொறிமின் அழுத்தம் தரும் இக்னிஷன் காயில்கள் வலுவிழந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சென்றடைந்து அங்கே எரிகிறது. கன்வர்ட்டர் உருகி அடைபடுகிறது. வெளியேற வழியற்ற வெப்பம் எஞ்சினுக்கே திரும்புகிறது. எளிதில் மாற்றக்கூடிய காயில்களைப் புறக்கணித்ததால் முழு எஞ்சினையும் இழப்பது வேதனைக்குரியது. எனவே காயில்களும் பிளக்குகளும் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கான ரசீது, பளபளக்கும் வண்ணப்பூச்சைவிட மதிப்புடையது. எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகள் பிரிட்டனில் இணையத்தில் யாவர்க்கும் திறந்திருப்பதால், புகை அளவில் தோற்ற வரலாறும், பக்கவாட்டு அடிச்சட்டத்தில் துரு எழுந்த வரலாறும் காரைக் காணச் செல்லுமுன்பே தெரிந்துவிடும்.

வாங்கிய பின் காரின் ஆயுள் உரிமையாளரின் பழக்கத்தைப் பொறுத்தது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காரை இரண்டடி நகர்த்தி உடனே அணைத்தால், மிகுதியாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிட, அடுத்த முறை ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டிய அமுக்கமே கிட்டாமல் போகும். ஆகவே ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் சூடாகும்வரை ஓட்டியே தீர வேண்டும். சூடான பின் அவ்வப்போது உயர் சுற்றுக்குக் கொண்டுசென்றால் கரிப்படிவு சேர்வது குறையும். பெட்ரோல் போடும் போதெல்லாம் ஆயில் அளவைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கடைக்குச் சென்றுவரும் சிறு பயணங்களே பெரும்பான்மையாக உள்ளவர் வேறு காரை நாடுவதே பொருத்தம்.

சாலை வரியும் கணக்கில் சேர வேண்டும்: கரியமில வாயு மிகுதியாக வெளியிடும் இத்தகைய கார்களில், 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானவை உச்ச வரியிலிருந்து தப்புகின்றன. திருத்திய வடிவம் எஞ்சின் வகையில் சிறந்ததாயினும், அந்த நாளுக்குப் பிந்தையதாதலால் ஆண்டுதோறும் முழு வரியைச் சுமக்கிறது. நன்கு பராமரித்து, ஆறு எண்களும் தேறிய 2005-ஆம் ஆண்டுக் கார் ஒன்றும், எண்கள் தெரியாத 2009-ஆம் ஆண்டுக் கார் ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால் பழையதையே தேர்வது தகும். எஞ்சின் முற்றிலும் கெட்டு, உடலும் உள்ளமைப்பும் சிதையாத காரை மிகக் குறைந்த விலைக்கு வாங்கி, சுழலி எஞ்சினில் தேர்ந்த பணிமனையில் புதுப்பித்துக்கொள்வதும் நேர்மையான வழியே, செலவு சில ஆயிரம் பவுண்டுகளைத் தொடும் என்பதை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தால். இரண்டுக்கும் நடுவில், எண்கள் 6.9-ஐ ஒட்டித் தடுமாற, நல்ல காரின் விலையைக் கேட்டு நிற்பதுதான் யாரும் வாங்கலாகாத கார். அதற்கு ஒருவர் எஞ்சினின் விலையை இரண்டு முறை கொடுக்க நேரும்.