ஏறுதழுவலும் போர் உவமையும்

கலித்தொகையின் முல்லைக்கலியில் முதல் ஏழு பாடல்கள் (101–107) ஏறுதழுவலைப் பாடுகின்றன. 101ஆம் பாடலில், தன்மேல் பாய்ந்த ஆயனைக் குத்திக் கொன்று கொம்பிடைக் குலைக்கும் காளை, பாஞ்சாலியின் கூந்தலைத் தொட்டவனின் நெஞ்சைப் பிளந்து வஞ்சினம் முடித்த வீமனுக்கு ஒப்பாகிறது.

காட்சி அளவில் இவ்வுவமை வலிமையானது. அற அளவில் பொருந்தவில்லை. துச்சாதனன் குற்றம் செய்தவன். ஆயனோ மணம் வேண்டிக் களம் புகுந்தவன். காளைக்கு வஞ்சினமும் இல்லை.

போரின் விளைவை நோக்கினால் இடைவெளி மேலும் பெரிதாகிறது. சங்க இலக்கியத்திலேயே இதற்குச் சான்றாகக் கொல்லிமலை உள்ளது. அம்மலையை ஆண்ட வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரருக்கு அளித்ததை அகநானூறு 209 கூறுகிறது. ஓரியைக் கொன்றபின் காரி அவனது தெருவில் புகுந்தபோது எழுந்த பேரொலியை நற்றிணை 320இல் கபிலர் உவமையாகக் கையாளுகிறார்.

ஏறுதழுவும் தொழுவிலும் பேரொலி உண்டு. அது வெளியே நின்று காண்போர் எழுப்புவது. ஓரியின் தெருவில் கேட்டதோ தலைவனை இழந்த ஊரின் ஒலி. தொழுவில் தாமாக இறங்குவோர் மட்டுமே புண்படுகின்றனர். விழா குரவைக் கூத்தில் முடிகிறது. போரில் களம் புகாதவரின் மலையும் கைமாறுகிறது. ஓரி, காரி இருவரையும் சிறுபாணாற்றுப்படை வள்ளல்களாகவே போற்றுகிறது. அவர்களுள் காளை யார், வீரன் யார் எனப் பிரிக்கவும் இயலாது.

ஆகவே முல்லைக்கலியின் உவமை களத்தில் நிற்பவனின் துணிவைக் காட்டுகிறது. களத்துக்கு வெளியே போர் செய்வதை அது காட்டுவதில்லை.