பொது நூலகத்தின் புதிய பணிகள்: தமிழ்நாட்டு அனுபவம் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களின் பணிகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன. போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்குத் தனிப் பிரிவு, பார்வையற்றோருக்குப் பிரெயில் பிரிவு, குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சிகள், வெளியே வர இயலாதோருக்கு வீட்டுக்கே நூல், இணைய வசதி, கருத்தரங்கக் கூடம் என அவை பலவகைப்பட்டவை. இவற்றில் எவை வேரூன்றின, எவை வாடின, அதற்கான காரணங்கள் எவை என்பதைக் கொண்டே இந்த விரிவை மதிப்பிட வேண்டும்.

இந்த அமைப்புக்கு அடித்தளம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இது. அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் இதைக் கொண்டுவந்தார். இதற்குப் பின்புலமாக இருந்தது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் பல ஆண்டு முயற்சி. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தின் உயிர்நாடி. தற்போது அது சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்பார்த்து நிற்காமல், மக்களே செலுத்தும் வரியில் நூலகம் நடக்க இதனால் வழி பிறந்தது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் உருவானதற்கு இதுவே காரணம்.

சுவர்களைத் தாண்டிச் செல்லும் எண்ணம் இந்தச் சட்டத்துக்கும் முந்தியது. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற நடமாடும் நூலகம் தொடங்கியது. நூலகவியலின் ஐந்து விதிகளை இரங்கநாதன் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஐந்தாவது விதி நூலகத்தை ஓயாது வளரும் ஓர் உயிராகக் காண்கிறது. ஆகவே புதிய பணிகளை ஏற்பது நூலகத்தின் இயல்புக்கு மாறானது அன்று. அந்த வளர்ச்சி எவ்வாறு தாங்கப்படுகிறது என்பதே ஆராய வேண்டியது.

புதிய பணிகளில் மிகப் பரவலானது போட்டித் தேர்வுப் பிரிவு. அதன் தேவையை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கு நடந்த குரூப் 4 தேர்வில் முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். தனியார் பயிற்சி மையத்துக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்களும், வீட்டில் அமர்ந்து படிக்கத் தனி அறை இல்லாதவர்களும் இவர்களில் ஏராளம். விளக்கு, மின்விசிறி, நாளிதழ்கள், அமைதி, ஒன்றாகப் படிக்கும் தோழமை ஆகியவற்றை அவர்களுக்கு நூலகம் கட்டணமின்றித் தருகிறது. குடும்பத்தார் தயங்காமல் பெண்களை அனுப்பும் பொது இடங்களுள் நூலகமும் ஒன்று. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வாழ்க்கையில் இந்த இருக்கை ஆற்றும் பணியைக் குறைத்து மதிப்பிட இயலாது.

இதன் குறை வேறு பக்கத்தில் இருக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர் பெரும்பாலும் தம் கையேடுகளைத் தாமே கொண்டுவருகிறார். அவருக்கு வேண்டியது இருக்கை. அலமாரியில் உள்ள நூல்கள் அல்ல. சிறிய கிளை நூலகம் ஒன்றில் காலை முதல் மாலை வரை இருக்கைகள் இவ்வாறு நிரம்பிவிட்டால், நாளிதழ் படிக்க வரும் முதியவருக்கும் பள்ளி விட்டு வரும் குழந்தைக்கும் இடமில்லாமல் போகிறது. குழந்தைகளின் பேச்சொலி இடையூறாகத் தோன்றத் தொடங்குகிறது. வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை உயர்ந்தாலும் இரவல் பதிவேடு அதற்கு ஏற்ப உயர்வதில்லை. தேர்வு முடிந்தபின் நூலகத்துடனான உறவும் பலருக்கு முடிந்துவிடுகிறது. தேர்வருக்கு இடம் தரும் நூலகம் அவரை வாசகராகவும் ஆக்க வேண்டும். அதற்கான முயற்சி மிகக் குறைவு.

இரண்டாவது போக்கு பெருநூலகங்கள். 2010 செப்டம்பரில் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளங்கள் கொண்டது. பிரெயில் பிரிவு, குழந்தைகள் பிரிவு, சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கும் பகுதி, அரங்குகள் ஆகியவை அதில் உள்ளன. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. கோவைக்கும் திருச்சிக்கும் இத்தகைய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. தூய்மையும் அழகும் கொண்ட இடத்தை அரசு அமைத்துத் தந்தால் மக்கள் திரளாக வருவார்கள் என்பதை இவை ஐயமற நிறுவியுள்ளன. நூலகம் என்றாலே தூசியும் உடைந்த நாற்காலியும் என்ற எண்ணத்தை மாற்றியது இவற்றின் பெரும் சாதனை.

ஆனால் பெருநூலகம் தொலைவில் இருக்கிறது. மலைக் கிராமத்துச் சிறுவனுக்கும் கூலி வேலை முடித்து மாலையில் திரும்பும் தாய்க்கும் அது அன்றாடம் எட்டும் இடமாக இருக்க இயலாது. அதன் இருப்பு அரசியல் சூழலையும் சார்ந்துள்ளது. ஆட்சி மாறிய 2011ஆம் ஆண்டிலேயே அண்ணா நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் பராமரிப்புக் குறைகளும் நீதிமன்றம் வரை சென்றன. தலைநகரின் நடுவே நிற்கும் கட்டடத்துக்கே இந்த நிலை என்றால், ஊர்ப்புற நூலகம் ஓசையின்றி மூடப்படும்போது வழக்குத் தொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஊர்ப்புறத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் மாநிலத்தின் 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் நூலகம் அமைக்க முனைந்தது. நோக்கம் உயர்ந்தது, கட்டடங்கள் எழுந்தன, நூல்களும் வந்தன. ஆனால் பயிற்சி பெற்ற முழுநேர நூலகர் இல்லை. ஆண்டுதோறும் புதிய நூல்கள் வருவதற்கு உறுதியான ஏற்பாடும் இல்லை. நூலகத் துறைக்கு வெளியே, ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் இவை இயங்கியதால் துறைசார் வழிகாட்டுதலும் போதவில்லை. சில ஆண்டுகளில் பல நூலகங்கள் பூட்டிக் கிடந்தன. அண்மைக் காலத்தில் சீரமைப்பு நடந்தாலும், கட்டடத்தைப் புதுப்பிப்பதால் மட்டும் பழைய குறை தீராது.

வீட்டுக்கே நூல் கொண்டுசெல்லும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் சிறிய செலவில் பெரிய பயன் தரக்கூடியது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் போன்றோரைத் தன்னார்வலர்கள் வழியே நூலகம் சென்றடைகிறது. மன்னார்குடி வண்டியின் நேரடி வாரிசு இது. எனினும் தன்னார்வலர் ஊர் மாறினாலோ வேலை கிடைத்துச் சென்றாலோ பணி நின்றுவிடும். அதைத் தொடர்ந்து நடத்த ஒரு நிலையான கை வேண்டும்.

அந்தக் கை நூலகர். இரவல் பதிவு, அடுக்கல், தூய்மை, வாசகர் வட்டக் கூட்டம், குழந்தைகள் நிகழ்ச்சி, துறைக்கு அனுப்பும் அறிக்கை என அனைத்தையும் பல கிளை நூலகங்களில் ஒருவரே கவனிக்கிறார். பகுதிநேர நூலகங்களைத் தினக்கூலிப் பணியாளர்கள் நடத்துகின்றனர். புதிய திட்டங்கள் வரும் வேகத்தில் பணியிடங்கள் நிரப்பப்படுவதில்லை. நூலக வரியை வசூலிக்கும் உள்ளாட்சிகள் சில அதை உரிய காலத்தில் நூலகத் துறையிடம் செலுத்தாமல் நிலுவை வைப்பது நெடுங்காலக் குறை. நூலகத்துக்கென்று மக்கள் செலுத்திய பணம் நூலகத்தை வந்தடையாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பின்லாந்தின் அனுபவம் இங்கே ஒப்பு நோக்கத்தக்கது. ஹெல்சிங்கியில் 2018இல் திறக்கப்பட்ட ‘ஓடி’ (Oodi) நூலகத்தில் தையல் எந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, இசைப்பதிவு அறை ஆகியவை உள்ளன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2016இல் அந்நாடு புதிய நூலகச் சட்டத்தை இயற்றி, கற்றலுக்கு உதவுதல், கூடிப் பேச இடம் தருதல், குடிமக்களின் பங்கேற்பை வளர்த்தல் ஆகியவற்றை நூலகத்தின் கடமைகளாக்கியது. தகுதியுள்ள பணியாளர் போதிய அளவில் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. தமிழ்நாட்டிலோ புதிய பணிகள் அறிவிப்புகளாலும் அரசாணைகளாலும் வருகின்றன. அறிவித்தவர்களின் ஆர்வம் குறைந்தால் பணியும் குறைகிறது.

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களின் பணி விரிவு, நோக்கத்தால் சரியானது. சமூகத்தின் உண்மையான தேவைகளிலிருந்து எழுந்தது. அதன் பலவீனம், மேல்தளத்தில் வளர்ந்த அளவுக்கு அடித்தளம் வலுப்பெறாதது. தேர்வருக்குத் தனி அறை ஒதுக்கிக் குழந்தைகளுக்கும் பொது வாசகருக்கும் உரிய இடத்தைக் காத்தல், நூலகர் பணியிடங்களை நிரப்புதல், நூலக வரியைத் தடையின்றிச் சேர்த்தல், ஆண்டுதோறும் புதிய நூல்கள் வருவதை உறுதி செய்தல், புதிய கடமைகளைச் சட்டத்திலேயே எழுதுதல் ஆகிய ஐந்தும் நிறைவேறினால்தான் இந்த விரிவு நிலைக்கும். இவற்றில் முதலில் நிறைவேற வேண்டியது நூலகர் நியமனமே. மற்ற நான்கின் பயனையும் வாசகரிடம் கொண்டு சேர்ப்பவர் அவர்தான்.