ஒரே தீட்சிதர், இரண்டு தாள்: பேண்டுக்கு எதை எடுப்பது?

திருவண்ணாமலையில் ஒரு பள்ளி பேண்டு "இந்த வருஷம் சினிமாப் பாட்டு வேண்டாம், நம்ம சங்கீதத்தில் ஒன்று வாசிப்போம்" என்று முடிவு செய்தால், பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் 'அருணாசலநாதம்' என்று சொல்லிவிடுவார். நியாயம்தான். முத்துசாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களுக்குச் செய்த கிருதிகளில் நெருப்புத் தலத்துக்கு உரியது அது. ஊர்ப் பெயரும் சாமி பெயரும் பாட்டிலேயே இருக்கிறது. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்?

என் கட்சி வேறு. அந்தக் கிருதி பேண்டுக்கு வேண்டாம். அதே தீட்சிதர் பேண்டுக்குப் பொருந்துகிற இன்னொரு சரக்கை நமக்கு விட்டுப் போயிருக்கிறார்: நோட்டுஸ்வர சாகித்யங்கள். ஆனால் அதிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. எதை எடுப்பது, எதை விடுவது, ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

சாரங்காவை டிரம்பெட்டில் போட்டால்

'அருணாசலநாதம்' சாரங்கா ராகம். இரண்டு மத்யமமும் வரும். மேலே பிரதி மத்யமம். இறங்கும்போது ரி-க-ம-ரி-ச என்று ஒரு வளைவு, அங்கே சுத்த மத்யமம். சாரங்காவின் முகமே அந்த வளைவில்தான் இருக்கிறது.

"இரண்டு மத்யமமும் டிரம்பெட்டில் இருக்கே, வால்வை மாற்றி அழுத்தினால் வந்துவிடுமே?" என்று கேட்கலாம். வரும். ஸ்வரம் வரும், ராகம் வராது. மூன்று வால்வு உள்ள ஒரு பித்தளை வாத்தியம் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் படியில் இறங்குகிற மாதிரி இறங்கும். கமகத்துக்கு வேண்டியது படி இல்லை, சரிவு. உதட்டால் கொஞ்சம் வளைக்கலாம். அதுவும் தேர்ந்த ஒருவர் தனியாக வாசிக்கும்போது. எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் உதட்டை வளைத்தால் எட்டு விதமான மத்யமம் கேட்கும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இது கம்பைல் ஆகிவிடும், ஓடாது.

காற்று வாத்தியம் எல்லாவற்றுக்கும் இதே கதி என்று சொல்ல மாட்டேன். நாகஸ்வரத்தில் ஏழு விரல் துளை. துளையைப் பாதி மூடலாம், சீவாளியில் காற்றை ஏற்றி இறக்கலாம். கிளாரினெட்டிலும் விரல் நேராக மூடுகிற துளைகள் உண்டு. அதனால்தான் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரி செய்ய முடிந்தது. 2008ல் சங்கீத கலாநிதி பட்டமும் பெற்றார். சாக்ஸபோனை கத்ரி கோபால்நாத் முதலில் கேட்டது மைசூர் அரண்மனை பேண்டில். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவர வாத்தியத்திலேயே மாற்றங்கள் செய்துகொண்டு, பல வருஷம் உழைத்தார். டிராம்போனில் சறுக்குக் குழாய் இருப்பதால் சரிவு இயல்பாகவே வரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இவை எல்லாம் தனி ஆள் சாதனைகள். பேண்டு என்பது கூட்டம். பாட்டைத் தேர்வு செய்யும்போது கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிற பையனால் எது முடியும் என்றுதான் பார்க்க வேண்டும்.

தீட்சிதர் கேட்ட பேண்டு

நோட்டுஸ்வரக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். தீட்சிதரின் அப்பா ராமசாமி தீட்சிதரை ஆதரித்தவர்கள் மணலி முதலியார் குடும்பம். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புள்ளவர்கள். மணலியில் குடும்பம் இருந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட ஐரோப்பிய இசையைப் பிள்ளைகள் கேட்டார்கள் என்பது மரபு வழிச் செய்தி. தம்பி பாலுசாமி வயலின் கற்றார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார்.

இப்படி முப்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், கமகம் இல்லாமல். அதாவது மேற்கத்திய மேஜர் ஸ்கேல். 1893ல் ஏ.எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசையை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிடத் தொடங்கினார். அவருடைய தூண்டுதலும் சேர்ந்துதான் சுப்பராம தீட்சிதர் 1904ல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் கொண்டுவந்தார். அதில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. தீட்சிதர் கிருதிகளைத் தாளில் பிடிக்க அவ்வளவு குறியீடு தேவைப்பட்டது. நோட்டுஸ்வரத்துக்கு அந்தக் குறியீடே தேவையில்லை. ஒரே மனிதர் செய்த இரண்டு வகை இசை. ஒன்றை எழுதப் புதுக் குறியீடு வேண்டும், இன்னொன்றை எழுத வெறும் ச-ரி-க-ம போதும். பேண்டுக்கு எது பொருந்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியவில்லை.

நோட்டுஸ்வரத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. "சின்னப் பிள்ளைகள் பாட்டு, தீட்சிதரின் விளையாட்டு" என்பார்கள். கச்சேரி மேடையில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பேண்டின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு மாறும். இந்த மெட்டுகளில் பல ஆட்டத்துக்கும் நடைக்கும் பிறந்தவை. வெளியே, நாலு பேர் சேர்ந்து வாசிக்க ஏற்றவை. அவற்றைத் திரும்ப பேண்டுக்குக் கொடுப்பது பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரிதான்.

மூன்று பாட்டு, மூன்று தீர்ப்பு

முதலில் 'சந்ததம் பாஹிமாம்'. எல்லாருக்கும் தெரிந்தது, எளிமையானது. மெட்டு கீழ் நிஷாதத்தில் தொடங்கி தைவதத்தைத் தாண்டுவதில்லை. புதிதாக ஊதக் கற்கும் பிள்ளைக்கு உதடு வலிக்காது. தாளாகப் பார்த்தால் நூற்றுக்கு நூறு.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, மெட்டு மூன்று எண்ணிக்கையில் போகிறது. மனிதனுக்கு இரண்டு கால். மூன்று எண்ணிக்கைக்கு அணிவகுத்து நடந்தால் ஒரு முறை இடது காலில் அடி விழும், அடுத்த முறை வலது காலில். நின்று வாசிக்கலாம், நடந்து வாசிக்க முடியாது. இரண்டாவது இன்னும் பெரியது: அது பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு. பாடினால் தீட்சிதரின் சொல் காதில் விழும். சங்கீத சியாமளை நினைவுக்கு வருவாள். பேண்டில் சொல் கிடையாது. வெறும் மெட்டுதான் தெருவில் போகும். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்தில் இதை வாசித்தால் கேட்பவர் காதில் என்ன ஒலிக்கும்? சாகித்யம் செய்த மாற்றத்தை பேண்டு ஒரே நொடியில் அழித்துவிடும்.

இது அற்பமான கவலை இல்லை. டெல்லியில் ஜனவரி 29 அன்று நடக்கும் படைத் திரும்பல் விழாவில் பல ஆண்டுகளாக வாசித்த 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவ கீதம் 2022ல் நீக்கப்பட்டது. 'ஏ மேரே வதன் கே லோகோ' வந்தது. நாடு முழுக்க விவாதம் நடந்தது. அங்கேயும் யாரும் பாடவில்லை, பேண்டு மட்டும்தான். சொல் இல்லாத மெட்டும் பேசும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து 'ஜகதீச குருகுஹ'. மூலம் 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டு. ரீல் என்றால் இரட்டைப்படை எண்ணிக்கை, கால் இயல்பாக விழும். ஊர்வலத்துக்கு ஏற்றது. குறை என்னவென்றால் ரீல் பிடில்காரருக்கான ஓட்டம். சின்னச் சின்ன ஸ்வரங்கள் நெருக்கமாக வரும். கிளாரினெட் தாங்கும். யூஃபோனியமும் டியூபாவும் அதே வரியை வாசிக்கப் போனால் மூச்சு வாங்கும். எனவே ஓட்டத்தைக் கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் கொடுத்து, கனமான பித்தளைக்கு அடிக்கு ஒரு ஸ்வரம் மட்டும் கொடுக்க வேண்டும். ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி என்ற மூன்று கூட்டு போதும். அநேகமாக மொத்தப் பாட்டையும் அவை தாங்கிவிடும். ஆள் பிரித்துக் கொடுக்க முடிந்தால் இதை எடுக்கலாம்.

மூன்றாவது 'வந்தே மீனாக்ஷி'. 'லிமெரிக்' என்ற ஐரிஷ் மெட்டு. என் ஓட்டு இதற்குத்தான். நிதானம், நீளமான மூச்சு, பித்தளையின் கனத்த குரலுக்கு வேலை. ராஜாவின் பெயர் எதுவும் இந்த மெட்டில் ஒட்டிக்கொண்டு வராது. நின்று வாசிக்கும் நிகழ்ச்சியில் முதலில் வைக்கலாம்.

சுருதியும் தாளும்

பேண்டு வாத்தியங்களில் பெரும்பாலானவை பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் குடும்பம். எனவே ஷார்ப் நிறைந்த சுருதி அவர்களுக்குத் தலைவலி. 2½ கட்டையை எடுக்கச் சொல்வேன். அது ஈ-ஃபிளாட். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் அதை எஃப் மேஜராக வாசிக்கும், ஒரே ஒரு ஃபிளாட். ஆல்டோ சாக்ஸபோனுக்கு அது சி மேஜர், எதுவுமே இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: பாரி நாகஸ்வரம் பொதுவாக நிற்பது 2, 2½ கட்டையில்தான். ஒரே விழாவில் மேளமும் பேண்டும் இருந்தால் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும்போது காது கூசாது.

ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாத பிள்ளைகளுக்கு? ச-ரி-க-ம எழுதிய ஒரே தாள் போதும். இது சமாளிப்பு வேலை இல்லை. ஒவ்வொரு வாத்தியத்திலும் 'ச' எந்த விரலில் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டால், மெட்டு வாசிக்கும் எல்லா வாத்தியத்துக்கும் அதே தாள் ஓடும். இங்கிலாந்தின் பிராஸ் பேண்டுகள் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கின்றன: பாஸ் டிராம்போன் தவிர மற்ற பித்தளைக்கெல்லாம், டியூபாவுக்குக்கூட, டிரெபிள் கிளெஃபில் எழுதுகிறார்கள். விரலடி ஒன்றாக இருப்பதால் ஒரு பையன் கார்னெட்டிலிருந்து டியூபாவுக்கு மாறினாலும் படிப்பு மாறாது. அவர்கள் ஐந்து கோட்டில் செய்ததை நாம் ஏழு எழுத்தில் செய்கிறோம், அவ்வளவுதான்.

மல்லாரியைத் தொடாதீர்கள்

கடைசியாக ஒன்று. மல்லாரி. கம்பீர நாட்டை: ச-க-ம-ப-நி, ஐந்தே ஸ்வரம், பெரிய தாவல்கள், சாகித்யம் கிடையாது. தாளில் எழுதிப் பார்த்தால் டிரம்பெட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். சந்ததத்தில் இருந்த சொல் சிக்கலும் இல்லை. பின்னே ஏன் கூடாது?

ஏனென்றால் மல்லாரி ஒரு பாட்டு மட்டும் இல்லை, ஓர் அறிவிப்பு. சாமி புறப்பட்டாச்சு என்று சொல்வது அது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று இடத்துக்கு இடம் வகுத்து வைத்திருக்கிறார்கள். கார்த்திகை தீபத்தின் ஏழாம் நாள் எங்க ஊர் மாடவீதியில் ஐந்து தேர் ஓடும்; மேளக்காரருக்கு எப்போது எதை எடுக்க வேண்டும் என்று யாரும் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை. "இந்த நிகழ்ச்சிக்கு எந்த இசை" என்று உலகம் முழுக்க பேண்டு மாஸ்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்கு நாகஸ்வர மரபு எப்போதோ பதில் எழுதிவிட்டது. தவிலோடு சேர்ந்து மூன்று காலத்தில் விரியும் அந்தக் கணக்கை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் பேண்டில் வைத்தால் மிஞ்சுவது ஒரு விளம்பர இசை.

இதில் பிழைப்பும் இருக்கிறது. பட்டனைத் தட்டினால் அடிக்கிற மின்சார முரசு பல கோவில்களில் வந்துவிட்டது. கல்யாணத்தில் மேளத்துக்கு ஒதுக்குகிற நேரம் குறைந்துகொண்டே போகிறது. மேளக்காரருக்கு என்று மிஞ்சியிருப்பதில் மல்லாரி ஒன்று. பேண்டுக்காரரும் சீசனை நம்பிப் பிழைக்கிறவர்தான். அவருக்கு வேறு பாட்டு ஆயிரம் இருக்கிறது. அவருக்கு நல்ல தாள் கொடுக்க வேண்டியது நம் வேலை. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அதற்கு வழி இல்லை.

ஆக, என் பட்டியல்: நின்று வாசிக்க 'வந்தே மீனாக்ஷி', கிளாரினெட் நாலு இருந்தால் நடந்து வாசிக்க 'ஜகதீச குருகுஹ', வகுப்பறையில் பயிற்சிக்கு மட்டும் 'சந்ததம் பாஹிமாம்'. 'அருணாசலநாதம்' யாராவது ஒருவர் தனிக் கிளாரினெட்டில், தம்புராவோடு, உட்கார்ந்து வாசிக்கட்டும். மற்ற பிள்ளைகள் அன்றைக்கு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். அதுவும் பேண்டுப் பயிற்சிதான்.