விற்ற காரின் எண் யாருக்கு?

மதுரையில் பழைய கார் வாங்க வருகிறவர் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் வந்து நிற்பார். "4545... கூட்டுனா ஒம்பது வருதுண்ணே, நல்ல நம்பர்" என்பார். எட்டு வந்துவிட்டால் முகம் சுருங்கும். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு, பேசாமல் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இதே வியாபாரம் வேறு இடத்தில் தொடங்கும். தொலைபேசியில் முதல் கேள்வியே "என்ன நம்பர் அண்ணை?" என்பதுதான். "கே.ஆர்." என்று பதில் வந்தால் போதும். அந்த இரண்டு எழுத்தில் வண்டி எந்தக் காலத்தில் பதிவானது என்பது கேட்டவருக்குப் புரிந்துவிடும். விலையும் மனதுக்குள் ஓடத் தொடங்கிவிடும். அதன் பின்னால் வரும் நான்கு இலக்கங்களைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் எண்ணை வைத்து உடைமையாளரைப் படிக்கிறார்கள். இலங்கையில் எண்ணை வைத்து வண்டியைப் படிக்கிறார்கள். காரை விற்கும்போது எண்ணை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆசை ஒரு கரையில் இவ்வளவு செழித்ததற்கும் மறுகரையில் வேர் பிடிக்காததற்கும் இதைத்தான் காரணமாக நினைக்கிறேன். இத்தனைக்கும் இரண்டு நாடுகளுமே வண்டிக்கு எண் கொடுக்கும் வழக்கத்தைப் பெற்றது பிரிட்டனிடமிருந்துதான். அங்கே 80 பவுண்டு கட்டினால் காரை விற்ற பிறகும் எண்ணைப் பத்தாண்டு வரை கையில் வைத்திருக்கலாம். அடுத்த காரில் மாட்டிக்கொள்ளலாம், இன்னொருவருக்குக் கொடுக்கவும் செய்யலாம்.

இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் பார்த்தால் எண் வண்டிக்கு உரியது. பதிவு அதிகாரி வண்டிக்கு ஒரு பதிவு அடையாளம் தருகிறார். விற்றால் அது வண்டியோடு போகும். ஆனால் அந்த எண்ணை ஏலம் விட்டுக் காசாக்க மாநிலங்கள் தொடங்கியதும் மக்கள் அதைத் தங்கள் சொத்தாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2022-இல் சண்டிகரில் ஒருவர் 71 ஆயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்காக 0001 என்ற எண்ணை 15 லட்சத்து 44 ஆயிரத்துக்கு எடுத்தார். 2025-இல் எர்ணாகுளத்தில் கே.எல். 07 டி.ஜி. 0007 என்ற எண் ஏறத்தாழ 46 லட்சத்துக்குப் போனது. இவ்வளவு பணம் கட்டியவரிடம் "வண்டியை விற்றால் எண்ணும் போய்விடும்" என்று சொன்னால் அவர் ஒப்புவாரா? அரசே விலை வைத்து விற்ற பொருளை எனக்குச் சொந்தமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அந்த அழுத்தத்தில்தான் சில மாநிலங்கள் கதவைத் திறந்தன. குஜராத் 2022-இல் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளும் திட்டத்தைக் கொண்டுவந்தது. காரை விற்றாலும் சரி, கழித்துக் கட்டினாலும் சரி, உரிய கட்டணம் செலுத்திப் பழைய எண்ணைப் புதிய வண்டிக்குக் கொண்டு போகலாம். புதிய வண்டி அதே வகையைச் சேர்ந்ததாக, அதே ஆளின் பெயரில் இருக்க வேண்டும். விற்ற வண்டிக்குச் சாதாரண எண் ஒன்று கிடைக்கும். மகாராஷ்டிரம் 2024-இல் ஃபேன்ஸி எண்களின் கட்டணத்தை உயர்த்தியபோது, அப்படி எடுத்த எண்ணைக் கணவன், மனைவி, மகன், மகள் ஆகியோருக்கு மாற்றித் தரவும் வழிவிட்டது. பஞ்சாபில் நேர் எதிர்த் திசை. அங்கே 1989-க்கு முந்தைய பழைய தொடர் எண்களைப் பரம்பரை நகை போலக் காருக்குக் கார் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 இறுதியில் மாநில அரசு அவை செல்லாது என்று அறிவித்தது. ஒரே நாடு, ஒரே சட்டம். மாநில எல்லையைத் தாண்டினால் பதில் மாறுகிறது.

தமிழ்நாட்டில் பரவலாக இருப்பது வேறொரு வழி, எனக்குப் பிடித்த வழியும் அதுதான். பழைய காரை எண்ணோடு விட்டுவிட்டு, புதிய கார் வாங்கும்போது ஓடுகிற தொடரிலோ வரப்போகும் தொடரிலோ அதே நான்கு இலக்கத்தைப் பணம் கட்டி எடுத்துவிடுவார்கள். டிஎன் 58 ஏ.எக்ஸ். 4545 போனால் டிஎன் 58 பி.எஃப். 4545 வரும். வீட்டு வாசலில் நிற்கும் கார், மகனின் பைக், கடை வேன் மூன்றுக்கும் கடைசி நான்கு இலக்கம் ஒன்றாக இருக்கும். தெருவில் அந்த எண்ணைப் பார்த்தாலே "அவுங்க வீட்டு வண்டி" என்பார்கள். ஆசை நிறைவேறுகிறது, பழைய வண்டியின் வரலாறும் கலையவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் வருமானம். இதில் யாருக்கும் கேடில்லை.

அதே எண் வேண்டும் என்பதற்காகப் பழைய பிளேட்டைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகும் காலமும் முடிந்துவிட்டது. 2019 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த இந்திய வண்டிகளில் உயர்பாதுகாப்புத் தகடு கட்டாயம். இடப்பக்கம் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதன் கீழ் லேசரால் பொறித்த தனி அடையாள எண், ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடிகிற ஸ்னாப் லாக். அந்த அடையாள எண் குறிப்பிட்ட அந்த வண்டியின் பதிவோடு பிணைக்கப்பட்டது. எண்ணைத் தக்கவைக்க அனுமதிக்கும் மாநிலத்திலும் புதிய காருக்குப் புதிய தகடு அடித்தாக வேண்டும்.

இலங்கைக்கு வருவோம். அங்கே எண் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஒரு கார் மூன்று மாகாணம் மாறினாலும் எழுத்தும் இலக்கமும் மாறுவதில்லை. முன்பு தகட்டில் மாகாணத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருந்தன: வடக்குக்கு என்.பி., மேற்குக்கு டபிள்யூ.பி. யாழ்ப்பாணத்துக் காரைக் கொழும்பில் ஒருவர் வாங்கினால் அந்த இரண்டெழுத்துக்காகவே புதிய தகடு எடுக்க வேண்டியிருந்தது. 2023 முதல் புதிய தகடுகளில் அந்த எழுத்துகளையும் விட்டுவிட்டார்கள். இந்தியாவில் சென்னைக் காரைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் ஓராண்டுக்கு மேல் ஓட்ட வேண்டுமானால் என்.ஓ.சி. வாங்கி, அங்கே வரி கட்டி, டிஎன் போய் கே.ஏ. என்று முழு எண்ணும் மாற வேண்டும். ஊர் மாறி வேலை பார்ப்பவர்களுக்காக 2021-இல் வந்த பி.எச். தொடர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எண் வண்டிக்கே உரியது என்ற கொள்கையை இந்தியா ஏட்டில் எழுதியது. இலங்கை நடைமுறையில் காத்தது.

அதனால்தான் இலங்கைத் தகட்டை ஒரு பிறப்புச் சான்றிதழாக வாசிக்க முடிகிறது. சுதந்திரத்தை ஒட்டிய காலத்துக் கார்களில் சி.என்., இ.எல்., இ.ஒய். போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதற்குப் பிறகு ஸ்ரீ. பிறகு கோடு போட்டுப் பிரித்த வெறும் எண்கள். வாகனச் சந்தையில் அவற்றை 'டேஷ் நம்பர்' என்பார்கள். 2000-இலிருந்து மறுபடி ஆங்கில எழுத்துகள். முதலில் இரண்டு, இப்போது மூன்று. மூன்றெழுத்துத் தொடரில் காருக்கு சி, மோட்டார் சைக்கிளுக்கு பி, முச்சக்கர வண்டிக்கு ஏ என்று முதலெழுத்தே வகையைச் சொல்லும். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஏ40 என்ற பழைய மாதிரிக் கார்கள் போர்க்காலத்தில் பெற்றோல் தடைப்பட்டபோது, கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடியவை. எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தார்கள், கதவை மாற்றினார்கள், கை மாறிக் கை மாறி நான்கைந்து பேரிடம் போயின. எண் மட்டும் அப்படியே இருந்தது. அப்படி ஒரு காரை விற்றவர் எண்ணை வைத்துக்கொண்டிருந்தால் அது எந்தக் கார் என்பதற்கு வெளியே ஒரு சாட்சியும் இருந்திருக்காது.

இலங்கைத் தமிழருக்கு இலக்கத் தகடு வெறும் வாகனச் சங்கதியாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததை ஒட்டி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் சிங்கள 'ஸ்ரீ' வந்து உட்கார்ந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1958 மார்ச்சில் அந்த எழுத்தோடு அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தகடுகளில் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில், தமிழர் தரப்போடு அரசு செய்திருந்த பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. தன் தகட்டில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்பதற்காகச் சிறை போனவர்கள் இருக்கும் மண் அது. லட்சக்கணக்கில் கொடுத்து 0001 வாங்குகிறவரின் ஆசையும் தார்ச் சட்டியோடு நின்றவரின் கோபமும் ஒரே தகட்டைப் பற்றியவைதான், ஆனால் இரண்டையும் ஒரு தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எண்ணின் கடைசி இலக்கத்தை இலங்கை முழுவதும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்ததும் ஆசையால் அல்ல. 2022 ஜூலையில் எரிபொருள் இல்லாமல் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டபோது, 0, 1, 2-இல் முடியும் வண்டிக்குச் செவ்வாயும் சனியும், 3, 4, 5-க்கு வியாழனும் ஞாயிறும், மற்றவற்றுக்குத் திங்கள், புதன், வெள்ளி என்று நாள் பிரித்தார்கள். எரிபொருள் பெறுவதற்கான கியூ.ஆர். அட்டைக்குப் பதிவு செய்ய வண்டி எண்ணோடு செசி இலக்கமும் கேட்டார்கள். தகடும் வண்டியும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்ததால்தான் அந்த ஏற்பாடு நடந்தது.

இலங்கை வழக்கத்துக்கும் ஒரு கறை உண்டு. அங்கே வாகன இறக்குமதி வரி மிகக் கனமானது. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை தனியார் கார் இறக்குமதியே நின்றிருந்தது. அப்படிப்பட்ட சந்தையில், விபத்தில் நொறுங்கிய வண்டியின் பதிவுப் புத்தகத்துக்கும் எண்ணுக்கும் தனி விலை வந்துவிடுகிறது. அந்த எண்ணை உதிரியாக வந்த வேறொரு வண்டியில் மாட்டி, செசி இலக்கத்தை வெட்டி ஒட்டி, புதிதாகத் தெருவில் விடுகிறார்கள். குற்றம் என்று தெரிந்தே நடக்கிறது. வாங்குகிறவர் ஏமாந்தால் வண்டி பொலிஸ் நிலைய முற்றத்தில் துருப்பிடிக்கும். வண்டியை விட்டு எண்ணைப் பிரிக்க முடியும் என்று ஆனவுடன் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஆகவே என் கட்சி இலங்கையின் விதிதான்: வண்டி சாகும்வரை எண் அதோடு இருக்கட்டும். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது விபத்து, அபராதம், கடன், காப்பீடு. அத்தனையும் எண்ணை வைத்துத்தான் தேடப்படுகின்றன. பழைய காருக்குப் புது எண் கொடுத்தால் ஒரே நாளில் அது கடந்த காலம் இல்லாத வண்டியாகத் தோற்றம் தருகிறது. எண்ணைத் தக்கவைக்க அனுமதிக்கும் இந்திய மாநிலங்கள் அந்தக் கட்டணத்தைத் தாராளமாக வாங்கட்டும். ஆனால் விற்ற வண்டியின் ஆர்.சி.யில் முந்தைய எண்ணை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். இணையத்தில் இரண்டு எண்ணில் எதைத் தட்டினாலும் முழு வரலாறும் வர வேண்டும்.

எண்ணை விட மனமில்லாதவர்கள் சிலர்தான். எண் தங்களை விடாமல் பிடித்திருப்பது தெரியாமல் வண்டியை விற்பவர்கள் இரண்டு நாட்டிலும் ஏராளம். இலங்கையில் 'ஓப்பன் பேப்பர்' என்பார்கள். மாற்றுப் படிவத்தில் விற்பவர் கையெழுத்து மட்டும் இருக்கும், வாங்குபவர் பெயர் காலியாக இருக்கும். அந்தக் காகிதத்தோடு வண்டி மூன்று கை மாறும். திணைக்களத்தின் ஏட்டில் முதல் ஆளே உரிமையாளர். தமிழ்நாட்டில் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு "பேர் மாத்திக்கிறேன் சார்" என்று ஓட்டிப்போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு சிக்னலில் விதி மீறியதற்கு இங்கே செலான் வரும். கழற்றாமல் விட்ட ஃபாஸ்டேக்கிலிருந்து சுங்கச்சாவடிப் பணம் போய்க்கொண்டே இருக்கும். விபத்து நடந்தால் நிலைமை இன்னும் கடுமை: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

காரை விற்கப் போகிறீர்களா? எண் ஆசை இருந்தால் அதே நான்கு இலக்கத்தைப் புதிய தொடரில் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டியின் பெயர் மாற்றத்தை வாங்குபவரிடம் விட்டுவிடாமல், இந்தியாவில் என்றால் விற்ற 14 நாளுக்குள், வண்டி வெளி மாநிலத்துக்குப் போனால் 45 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள், ஃபாஸ்டேக்கை மூடுங்கள். இலங்கையில் என்றால் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், விற்ற செய்தியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களே அறிவியுங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் வாங்குபவரின் அடையாள அட்டை நகலும், தேதியும் நேரமும் எழுதிய ரசீதும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.